ஒரே வீட்டு எண்

படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
மெலிவு என்று ஒன்று, பருமன் என்று ஒன்று.
வீட்டுக்கு ஒரு குறிதான் போடலாம்.

நாற்பத்தேழாம் எண் வீட்டில்
எல்மெருக்கு மூன்று வயது முடிந்துவிட்டது.
குதிகாலைப் பலகையோடு ஒட்டிப் பிடித்தேன்.
தலைக்கட்டை இறங்கி, இன்னும் இறங்கி
எண்பத்திரண்டில் நின்றது.
"இவனுக்கா மூன்று?" என்றான் ஜீப் ஓட்டிவந்த ருபேன்.
அவன் மகளுக்கு இரண்டு வயது.
இவனைவிட நான்கு விரல் உயரம்.

அவன் அம்மா காந்தெலாரியா
தராசில் ஏறுமுன் செருப்பைக் கழற்றினாள்,
பிறகு சால்வையை.
இடுப்புப் பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு
"இது இருக்கட்டும்" என்றாள்.
எழுபத்தொன்று. என் தோளுக்குக்கூட வரமாட்டாள்.
இருவரும் ஒரே சட்டியில்தான் சாப்பிடுகிறார்கள்.

வீட்டுக்குப் பின்னால் ஆறு கோழிகள்.
வியாழனும் ஞாயிறும்
சோளச் சருகு பொதிந்த கூடையில்
முட்டைகள் மலையிறங்கும்.
அதே பாதையில் மலையேறும்
நூடுல்ஸ், சர்க்கரை, மூன்று லிட்டர் சிவப்பு சோடா.
மழையில் ஆம்புலன்ஸ் திரும்பிப்போகும் வளைவில்
சோடா லாரி திணறும், பின்வாங்கும்,
சக்கரத்துக்குக் கல் கொடுத்து
ஏறிவிடும்.
அந்த ஓட்டுநரை
நாங்கள் வேலைக்கு எடுத்திருக்கலாம்.

தோத்தோனிக்கப்பானில் கூட்டம்.
பிராந்திய வியூகம் வாசிக்கத்
தலைநகரிலிருந்து இருவர் வந்தார்கள்,
பசிக்கு ஒருவர், பருமனுக்கு ஒருவர்.
ஒரே காரில் வந்து
வேறு வேறு படங்கள் காட்டினார்கள்.
இன்னும் கொடு என்றார் முதலாமவர்.
இனிமேல் கொடாதே என்றார் மற்றவர்.
இடைவேளையில் கிரீம் பிஸ்கட், குளிர்பானம்.
நானும் இரண்டு எடுத்தேன். பசித்தது.

"ஒரே வீடு இரண்டிலும் வந்தால்?"
கேட்டேன்.
"அது பதிவுப் பிழை, நிகொலாசா"
என்றார் புள்ளிவிவரக்காரர்.
அன்பாகத்தான் சொன்னார்.

கையில் கொடுத்தனுப்பிய தாளில்
ஒரு தட்டு, தட்டின் பாதியில் புரோக்கோலி.
காந்தெலாரியாவுக்கு அதைத் தெரிந்திருந்தது.
கூலிக்கு வெட்டியிருக்கிறாள்,
ஐஸில் அடுக்கி
வடக்கே போகும் கண்டெய்னரில் ஏற்றியிருக்கிறாள்.
ருசி எப்படி என்று என்னைக் கேட்டாள்.

வேலியோரம் தானாய் முளைத்திருந்தது மணத்தக்காளி.
காட்டினேன்.
"அது காசில்லாதவர்கள் தின்பது" என்றாள்
கோழிகளுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல்.

சரி, முட்டை?

"முட்டை சாப்பாடு இல்லை, நர்ஸம்மா.
முட்டை ரீசார்ஜ்.
இவன் அப்பா எல்லைக்கு அப்பால் கூரை போடுகிறார்.
மூன்று முட்டைக்குப் பத்து நிமிடம்."

சோடா?

"குழாயில் வாரம் இரண்டு நாள் தண்ணீர்.
அதைக் குடித்தால் இவனுக்கு வயிற்றால் போகும்.
சோடா குடித்து யாருக்கும் போனதில்லை."

எனக்குப் பதில் தெரியும்.
கொதிக்க வை. குளோரின் போடு.
பயிற்சியில் மனப்பாடம் செய்தவை.
அடுப்பின் பக்கத்தில் விறகைப் பார்த்தேன்,
ஐந்து குச்சிகள்.
சொல்லவில்லை.

இரண்டு கட்டத்திலும் குறி போட்டு அனுப்பினேன்.
சிவப்பு பென்சிலில் திரும்பி வந்தது:
ஒன்று மட்டும்.
மறுபடி இரண்டிலும் போட்டேன்.
இந்த முறை ஓரத்தில் எழுதினேன்:
பிழை வீட்டில் இல்லை.
அதை அடித்துவிட்டேன், திமிராகத் தெரிந்தது.
தண்ணீர், விறகு, ரீசார்ஜ் என்று மட்டும் எழுதினேன்.
அவற்றுக்கு வேறு துறையாம்.

நவம்பரில் போனபோது
நான் கேட்காமலே சொன்னாள்,
வியாழன் கூடையில் இப்போது இரண்டு குறைகிறது.
யாருக்கு என்று எல்மெரின் கன்னத்தில்
மஞ்சளாய் ஒட்டியிருந்தது.
ஞாயிறு பற்றி நான் கேட்கவில்லை.

தலைக்கட்டை எண்பத்து மூன்றரையில் நின்றது.
முடியாக இருக்கும் என்று
உச்சியைக் கோதிவிட்டு
மறுபடி இறக்கினேன்.
அவள் செருப்பைக் கழற்றி
தன் முறைக்காகக் காத்திருந்தாள்.