இரண்டு துளை

படப்பிடிப்பு நின்று ஒன்பதாம் நாள்.
கீழ்வேளூர் ரைஸ்மில் களத்தில்
நானும் கேரவனும் கார்த்திகை மழையும்.
மற்றவர்கள் எல்லாம் ரயிலேறிவிட்டார்கள்.

கதவை இழுத்தேன்.
மேல்பாதி என்னோடு வந்தது,
அடிப்பாதி வர யோசித்தது.
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால்
டீயில் நனைத்த பொறை.

"ஒரு தகரத்த வச்சு அடிச்சு ஓட்டிட்டு வா" என்றார்
வளசரவாக்கத்திலிருந்து ஜோதிலிங்கம் சார்.
தகரம் நிற்க ஆணி வேண்டும்,
ஆணி நிற்க மரம் வேண்டும்.
போனில் எப்படிச் சொல்வது இதை.

அக்கரைப்பேட்டையிலிருந்து தேசிங்கு வந்தான்,
படகுக்கு ஃபைபர் ஒட்டுகிறவன்.
பைக்கில் முன்னால் ரெசின் டின்,
பின்னால் பாய்போலச் சுருட்டிய மேட்.
மாடு வாங்க வந்தவன்போல் வண்டியைச் சுற்றினான்.
"உள்ள கக்கூஸ் இருக்கா?"
"இருக்கு."
"ஏசி?"
"ரெண்டு."
"அப்பறம் கதவுக்கு மட்டும் என்னா?"

கீலைக் கழற்றித் தார்ப்பாயில் கிடத்தினோம்.
வெளித்தோலை உளியால் நெம்பினான்.
எழுந்தது ஒரு நாற்றம்:
மூழ்கின சம்பாவில் தண்ணீர் வடிந்த மறுநாள்
பஸ் ஜன்னலில் ஏறிவருமே, அது.
உள்ளே ப்ளைவுட் இல்லை.
கறுத்த தூள்,
எப்படி நுழைந்ததோ ஒரு ஹேர்பின்,
முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும் எறும்புகள்.

"அழுகுனது கீழ. நொழஞ்சது மேல."
கதவின் சின்னக் கண்ணாடியைச் சுற்றிய ரப்பர்
ஒரு மூலையில் பிளந்திருந்தது,
நகம் நுழையும் அளவுக்கு.
மூன்று வருஷ மழைக்கு அது தாராளம்.

"செரி, நொழஞ்ச தண்ணி வெளிய போயிருக்கணுமே?"
அடிச்சட்டத்தைத் தடவிக்கொண்டே போனான்.
இரண்டு துளை.
இரண்டிலும் வெள்ளை சிலிக்கான், கல்லாக.

"எவன்யா மடைய அடைச்ச மடையன்?"

போன ஐப்பசியில், பொள்ளாச்சியில்,
அந்தத் துளை சொட்டுவதைப் பார்த்து
ஒழுகுகிற இடம் இதுதான் என்று
முழு ட்யூபையும் பிதுக்கி
விரலில் எச்சில் தொட்டு வழவழவென்று தேய்த்து
போட்டோ எடுத்து சாருக்கு அனுப்பினவன் சொன்னேன்:
"தெரியலிங்களே."

தேசிங்கு என்னைப் பார்த்தான்.
ரெசின் டின்னை விட்டுத் தள்ளிப்போய்
ஒரு பீடி பற்றவைத்தான்.

ஈரத்தில் ரெசின் இறுகாது. வெயிலோ வருவதாயில்லை.
ஜெனரேட்டரைப் போட்டு,
மேக்கப் மேசை ட்ராயரைத் திறந்து,
கதாநாயகியின் ஹேர் ட்ரையரால்
இரண்டு மணி நேரம் சட்டத்துக்குத் தலை உலர்த்தினோம்.
மில் ஆட்கள் சாக்கைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள்.
"பொண்ணு எப்ப வரும்?" என்றார் ஒருவர்.

மெரைன் ப்ளை. மேட். ரெசின். மறுபடி மேட்.
குமிழி நிற்காமல் உருளையால் அழுத்திக்கொண்டே இருந்தான்.
கடலுக்குப் போகிற கனத்தில் ஒரு கதவு.
வெள்ளைப் பெயிண்ட் கிடைக்கவில்லை,
அவனிடம் இருந்தது படகு நீலம்.
அடியில் ஒரு முழம் நீலம்.

துளைகளை நான்தான் நோண்டித் திறந்தேன்.
அவன் சொல்லவில்லை,
ஸ்க்ரூடிரைவரை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

புது ரப்பர் மாட்டுமுன்
பிளவுக்குள் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினான்.
கதவு அதைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது.
காத்திருந்தோம்.
இடத்துளையில் ஒன்று. கொஞ்சம் கழித்து
வலத்துளையிலும்.

கூலியை எண்ணினான்.
ஐம்பது ரூபாயைப் பிரித்து என் பையில் செருகினான்.
"இது மடைக்காரனுக்கு.
பாத்தியன்னா குடுத்துரு."

இருட்டியபின் சாருக்குப் போட்டோ அனுப்பினேன்.
நீலத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
பெரிதாக்கிப் பார்த்திருப்பார் போல.
"கீழ சொட்டுது பாரு. அத மொதல்ல அடை."

போனைக் கவிழ்த்து வைத்தேன்.
சிமெண்டுக் களத்தில்
அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.