தொட்டிக்கே மருந்து

ஹற்றனில் ஜூலைத் தண்ணீர்
விரல் வைத்தால் எலும்புக்கு ஏறும்.
பார்மசியிலிருந்து கொண்டுவந்த காய்ச்சல்மானியைத்
தொட்டிக்குள் விட்டேன்.
மனிதச் சூட்டுக்குக் கீழே
அதற்குக் கணக்குத் தெரியாது.
இரண்டு கோடு காட்டி அணைந்துபோனது.

பெரியதன் வாலில்தான் முதலில் கண்டேன்,
ரவை சிந்தியதுபோல் மூன்று புள்ளி.
மறுநாள் செதில், செவுள், கண்ணோரம்.
கூழாங்கல்லில் போய்ப் போய்
விலாவைத் தேய்க்கிறது.
அரிப்பென்று சொல்ல அதற்கு வேறு வழியில்லை.

இருமலுக்கும் சீனி வருத்தத்துக்கும்
பகல் முழுக்கத் துண்டு பார்த்து
எடுத்துக் கொடுப்பவள் நான்.
இதற்கு யார் துண்டு எழுதுவது?

மீன் கடை பலீல் நானா
கண்ணாடித் தொட்டியொன்றைத் துடைத்தபடியே சொன்னார்:
"கல்லுப்பு. பத்து லீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி.
ஒரேயடியாக் கொட்டாம ரெண்டு நாளாப் பிரிச்சுப் போடுங்க.
தண்ணிய மெல்ல மெல்ல சூடாக்குங்க."
படியிறங்கியவளைத் திரும்பக் கூப்பிட்டார்.
"தங்கச்சி, புள்ளி போனா சுகம்னு நெனைக்காதீங்க.
அது கீழ விழுந்து கல்லுக்குள்ள பெருகும்.
பிறகுதான் மருந்துக்கு வேலையே."
"ரெண்டுல ஒண்ணுக்குத்தான் நோய், நானா."
"இல்ல. தொட்டிக்குத்தான் நோய்."

இரவு ஒன்பதரைக்கு
டோஹாவிலிருந்து ஜெயசுந்தர்.
என்னை விசாரிக்குமுன் மீன்களை விசாரிப்பார்.
போகிற கிழமை வாங்கி வைத்தவர் அவர்தான்,
"வீட்டுல இன்னும் ரெண்டு உசிர் இருக்கட்டும்" என்று.
சின்னதைக் காட்டினேன்.
பெரியது எங்கே?
செடிக்குப் பின்னால தூங்குது, என்றேன்.
மீனுக்கு இமையில்லை என்பது
அவருக்குத் தெரியுமோ தெரியாதோ,
சரி என்றார்.

பிறகு வந்ததெல்லாம் வாளி நாட்கள்.
குழாய்த் தண்ணீர் பிடித்து
குளோரின் போக இரவெல்லாம் திறந்துவைத்து
கால்வாசி இறைத்து கால்வாசி ஊற்றி
ஊற்றியதற்கும் உப்பளந்து
ஹீட்டரின் சிவப்புப் பொட்டை
சாமி விளக்கைப் பார்ப்பதுபோல் பார்த்து.

மூன்றாம் இரவு கரண்ட் போனது.
தகரத்தில் மழை, மலையே இறங்கி நடப்பதுபோல்.
அந்த ஊர் வெயிலுக்கு எதற்கென்று
அவர் விட்டுப்போன கம்பளியை
என் தோளிலிருந்து எடுத்துத் தொட்டிக்குச் சுற்றினேன்.
டோர்ச் வெளிச்சத்தில் பெரியதின் வாய்
திறந்து மூடித் திறந்து,
ஏதோ எண்ணுவதுபோல்.
நானும் எண்ணினேன்.
நூற்றுப் பத்து வரைக்கும் ஞாபகம்.

ஏழாம் நாள் காலை
புள்ளி ஒன்றும் இல்லை.
பெரியது மேலே வந்து
என் விரல் நுனியை இரையென்று கடித்தது.
கடைக்கு இருபது நிமிஷம் பிந்திப் போனேன்.
முதலாளி ஏசினார், கேட்கவில்லை.

அன்றிரவு இரண்டையும் காட்டினேன்.
அவர் சிரித்தார்.
சிரிப்பில் திரை ஆடியது.
கொஞ்ச நாளாகவே
இடக்கையால்தான் போனைப் பிடிக்கிறார் என்பது
அப்போதுதான் உறைத்தது.
"வலது கையக் காட்டுங்க."

கொஞ்சம் பொறுத்து அவர் சொன்னார்:
"செடிக்குப் பின்னால தூங்குது."

நான் சிரிக்கவில்லை.
கை மெல்லத் திரைக்குள் வந்தது.
மூன்று விரலைச் சேர்த்து ஒரு கட்டு,
ஓரத்தில் மஞ்சள் கசிவு.
என்ன குளிசை, எத்தனை நாளைக்கு?
"ஏழு நாளைக்குத் தந்தாங்க.
வலி போனதும் நிப்பாட்டிட்டேன். இப்ப சுகம்."

"கட்டக் கழட்டுங்க" என்றேன்,
கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் குரலில்.
அவர் பற்களால் முடிச்சைத் தேட
நான் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்து
எட்டாம் நாளுக்கான உப்பை அளந்தேன்.
இந்தப் பக்கத்துத் தண்ணீருக்குள்
இரண்டும் அசையாமல் நின்று
இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன.