வியாழக்கிழமைக்குள் கட்ட வேண்டும்

எழுபத்தைந்து டாலர்.
இருபத்தைந்தில் போகவேண்டிய தெருவில்
நாற்பத்தொன்றில் போனேன், மறுக்கவில்லை.
அன்னெலீஸ் என்ற என் பெயரில்
ஒரு ‘ன்’னைத் தின்றுவிட்டு எழுதியிருந்தார்
துணை ஷெரீஃப் டுவேன் வோண்ட்ராச்செக்.
அவர் பெயரை ஊரே அப்படித்தான் தின்றது.
அதனால் நான் திருத்தவில்லை.

பால் கறக்க நேரமாச்சு என்றேன்.
மாடு காத்திருக்கும் என்றார்.

பதினோராம் நாள் இரவு
ஸ்டுட்ஸ்மனின் வேலியைத் தாண்டி
நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டன முப்பது மாடுகள்.
நிலவில்லாத நெப்ராஸ்காவில்
அத்தனையும் கறுப்பு.
கைவிளக்கை ஆட்டியபடி நடுவில் நின்றிருக்கிறார்.
சோள லாரிக்காரப் பையன் பார்த்தது
தாழ்வாக ஒரு வெளிச்சம்.
யார் வீட்டு வாசல் விளக்கோ என்று நினைத்தானாம்.

மாடு ஒன்றுகூடச் சாகவில்லை.

ஒமாஹாவிலிருந்து தொலைக்காட்சி வந்தது.
வீரர், வீரர் என்றது.
பூனையை இறக்கப் போய்
ஏணியோடு விழுந்த மனிதரை
நாங்கள் அப்படி அழைத்ததேயில்லை.
வெள்ளி இரவு மதுக்கடை வாசலில்
கார்ச் சாவியைப் பிடுங்குவார்.
சனி காலை அவரே கொண்டுவந்து
தபால் பெட்டியில் போடுவார், மணி அடிக்காமல்.
என்னுடையதையும், இரண்டு முறை.

ஸ்டுட்ஸ்மன் வெளியே தலைகாட்டவில்லை.
யாரோ அவன் வாசலில்
புது முள்கம்பிச் சுருள் ஒன்றை வைத்துப் போனார்கள்,
கோபத்திலா உதவிக்கா
இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

வியாழன். அடக்கம் பத்து மணிக்கு.
ஒன்பதுக்கு நீதிமன்ற ஜன்னலில் நின்றேன்.
ஆர்லீஸ் கறுப்பு உடையில் இருந்தாள்,
மூக்கு சிவந்திருந்தது.
“இன்றைக்கா இதெல்லாம்?
நீதிபதியிடம் ஒரு வார்த்தை சொன்னால்
தள்ளுபடி ஆகிவிடும்.
சாட்சி சொல்ல ஆளில்லையே.”

நான் இருந்தேனே என்றேன்,
வண்டியில்.

எண்ணினாள். இருபதுகள் மூன்று, ஒரு பத்து, ஓர் ஐந்து.
பெயரைச் சரிசெய்யவா என்று கேட்டாள்.
வேண்டாம்.
முத்திரை விழுந்த சத்தம்
காலியான அந்தக் கட்டடத்துக்கு
அதிகமாக இருந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும்
வேகமாகத்தான் திரும்பினோம்.
பசி, குளிர், காத்திருக்கும் மாடுகள்.
தானியக் கிடங்கின் திருப்பத்தில்,
வழக்கமாக அவர் வண்டியை ஒளித்து நிறுத்தும்
அந்தச் சுவர் தெரிந்ததும்
எனக்கு முன்னால் போன கார்களில்
ஒன்றன்பின் ஒன்றாக
சிவப்பு விளக்குகள் எரிந்தன.
என் காலும்
தானாகவே இறங்கியது.