ஆறு நிமிடக் கணக்கு

ஸ்வான்சீ நீதிமன்றத் தாழ்வாரத்தில்
நெரிஸ் ரசீதுகளைப் புரட்டுகிறாள்.
வக்கீலுக்கு ஆறு நிமிடம் ஓர் அலகு.
மார்ச் ஒன்பது, தொலைபேசிப் பேச்சு: இரண்டு அலகு.
அன்று அவள் பேசவேயில்லை.
அழுதாள்.
அந்தப் பக்கம் பேனா மூடி திறக்கும் சத்தம்.

சண்டை ஒரு பழைய கேரவனுக்கு.
கூரை ஒழுகும்.
இருவரும் ஒருக்களித்தால்தான் படுக்கை கொள்ளும்.
விலை போனால் நாலாயிரம் பவுண்டு.
அதைப் பற்றிய கடிதங்களுக்கு மட்டும்
பதினோராயிரம்.
அந்தச் செலவு யார் தலையில் என்பதற்கு
இன்று தனி விசாரணை.
அதற்கும் செலவுண்டு.

காப்பி இயந்திரத்தின் முன்
எம்லின் பைகளைத் துழாவுகிறான்.
இருபது பென்ஸ் குறைகிறது.
எழுந்துபோய்ப் போட்டுவிட்டு வருகிறாள்.

நன்றி சொல்லவில்லை.
சர்க்கரை வேண்டாம் என்ற பொத்தானை அழுத்துகிறான்,
இரண்டு கரண்டி போடுகிறவன்.

எப்போதிலிருந்து?
கேட்க ஆறு நிமிடம் ஆகாது.
உள்ளே பெயர் கூப்பிடுகிறார்கள்.