பெற்றுக்கொண்டேன்

ஸாக்ரெப் நகரத்து டிராம் வண்டிகளில்
மறந்துவிட்டுப் போனதெல்லாம்
சுற்றிச் சுற்றி என் அலமாரிக்கு வந்து சேரும்.
முக்கால்வாசி குடைகள்.
மிச்சத்தில் பாதி ஒற்றைக் கையுறைகள்.
ஒருமுறை ஒரு பல்செட்.
ஒருமுறை முட்டைக்கோஸ் ஊறுகாய், பெரிய ஜாடி நிறைய.
கேட்டு யாரும் வரவில்லை.
நானும் யாஸ்னாவும் நின்றபடியே தின்று தீர்த்தோம்.
பேரேட்டில் “அழிக்கப்பட்டது” என்று எழுதினேன்.
பொய்யில்லை.

படிவம் ஒன்று உண்டு:
என்ன பொருள், என்ன நிறம்,
அடையாளம் ஏதேனும்,
கடைசியாகப் பார்த்தது எங்கே.
பலரும் “கறுப்பு” என்று எழுதிவிட்டுப்
பேனாவைக் கடித்தபடி நிற்பார்கள்.
கறுப்புக் குடை என்னிடம் நாற்பது.

பிப்ரவரியில், பனி சேறாகிக் கிடந்த ஒரு வியாழன்,
விங்கோ என்றொருவர் வந்தார். தொப்பியைக் காணோமாம்.
அடையாளத்துக்கு விட்ட இடம் போதாமல்
தாளைத் திருப்பி எழுதினார்:

*சாம்பல் நிறம். இடப்பக்கம் மட்டும் வெளுத்திருக்கும்,
நான் எப்போதும் ஒரே சன்னலோரம் உட்காருவதால்.
உள்துணியில் இரண்டு தையல் விட்டிருக்கும்;
அதற்குள் விரல் நுழைத்தால் கதகதப்பு.
நனைந்தால் நாய் வாசம்.*

“நன்றாகப் பார்த்து வைத்திருக்கிறீர்கள்” என்றேன்.
“எங்கே பார்த்தேன்?
பத்தொன்பது வருஷம் தலைமேலேயே இருந்தது.
போன பிறகுதான் ஒவ்வொன்றாக வருகிறது.”

அவர் போனதும்
சும்மா இருந்த கைக்கு ஒரு வெற்றுப் படிவம் அகப்பட்டது.
பொருள்: ஹர்வோயே. என் கணவர்.
தொலையவில்லை, வீட்டில்தான் இருக்கிறார்,
இருந்தாலும்.
நிறம்?
கண்ணைப் பற்றி எழுதப் போனேன். பேனா நின்றது.
முப்பத்தொரு வருஷம்.
பழுப்பு என்று எழுதலாம்.
பழுப்புக் கண்களோடு எத்தனை ஆயிரம் பேர்
இந்த ஊரில் வண்டியேறுகிறார்கள்,
அதில் எவரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும்
என்னவர்தான் என்று கையெழுத்துப் போட்டுவிடுவேனா?

அன்று திரும்பும் வண்டியில் உட்கார இடமில்லை.
முழங்கால் வலி வழக்கம்போல்.
கம்பியைப் பிடித்திருந்த என் இரண்டு கைகளிலும்
இரண்டு கையுறைகள் இருந்தன.
இரண்டும்!
இந்த வேலையில் இருப்பவளுக்கு
அது எவ்வளவு பெரிய செய்தி என்று
பக்கத்திலிருந்தவரிடம் சொல்ல வாய் வந்தது.
அவர் போனில் இருந்தார்.

சமையலறை விளக்கடியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.
கோட்டைக் கழற்றாமல் நாற்காலி இழுத்துப் போட்டு
எதிரே உட்கார்ந்தேன்.
பழுப்பு இல்லை.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த ஆறிய தேநீர்.
இடது கண்ணில், ஓரமாய்,
சூப்பில் மிதக்கும் தழைபோல் ஒரு பச்சைப் பொட்டு.
இது எப்போது வந்தது?
எப்போதும் இருந்ததா?

“என்ன, முகத்தில் ஏதாவது ஒட்டியிருக்கா?”
“ஆமாம். இடது கண்ணில். துடைத்துவிடாதே.”

எங்கள் படிவத்தின் அடியில் ஒரு கோடு உண்டு.
பொருள் கிடைத்தவர்கள்
“பெற்றுக்கொண்டேன்” என்றெழுதிக் கையொப்பமிட வேண்டும்.
அவசரத்தில் பாதிப் பேர்
எதைப் பெற்றோம் என்று பார்க்காமலே கிறுக்கிவிட்டு ஓடுவார்கள்.
அன்றிரவு, கணப்புக் கட்டணச் சீட்டு மேசைமேல் முறைத்திருக்க,
சூப்பில் உப்புக் குறைவாக இருக்க,
போர்வையின்மேல் விரலால் எழுதினேன்.
முழுப் பெயர், தேதியோடு.

விங்கோவின் தொப்பி இன்னும் வரவில்லை.
வியாழன்தோறும் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்.
இப்போது அவர் தலையில் சிவப்பாய் ஒன்று, புதியது,
அவ்வளவாகப் பொருந்தவில்லை.
வாசலில் நின்று அதைக் கழற்றுகிறார்,
திருப்பி, உள்துணியை ஒருமுறை தடவிப் பார்க்கிறார்,
பிறகு போட்டுக்கொண்டு
சேற்றில் இறங்குகிறார்.