நடைப் பயிற்சி

சீனி கூடிப்போச்சு,
ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் நடவுங்கோ
என்று துண்டில் எழுதித் தந்தார் டொக்டர்.
எப்படி நடப்பதென்று ஒருவர் எனக்குச் சொல்வது
இது இரண்டாம் முறை.

முதல் முறை, ஒன்பது வயதில்.
டச்பே மணலில் உடைந்த துடுப்பால்
அப்பா இரண்டு கோடு இழுத்தார்,
தண்டவாளம் போல.
இந்தக் கால் இதிலை, அந்தக் கால் அதிலை.
கையை ஆட்டாதை.
இடுப்பு என்னடா இடுப்பு,
அது பெல்ட் கட்டுறதுக்கு.
மலைப்பக்கம் போய்த் திரும்பி வருவேன்.
வாயிலிருந்து சுருட்டை எடுத்து
மறுபடியும் என்பார்.
அலை வந்து கோட்டை நக்கும்.
அவர் திரும்ப இழுப்பார்.
கடலுக்கும் அவருக்கும் நடந்த போட்டியில்
களைத்தவை என் கால்கள்.

பள்ளிக்கூட இடாப்பில் என் இலக்கம் இருபத்திரண்டு.
வகுப்பு கூப்பிட்டது ஒன்பது என்று.
உண்மையான ஒன்பதாம் இலக்கக்காரன் கிருபைராஜன்
அழுது அடம்பிடித்துப் பத்தாக மாறிக்கொண்டான்.
வாத்தியாரும் மாற்றிக் கொடுத்தார்,
நியாயமான கோரிக்கைதானே என்பதுபோல.

தொண்ணூற்றேழில்
உவர்மலை ஏறுமுன் ஒரு சோதனைச்சாவடி.
ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒன்று.
அடையாள அட்டையை நீட்டிய என் மணிக்கட்டைப் பார்த்து
துவக்கு முனையால், சிரித்துக்கொண்டே,
பெண்கள் பக்கம் காட்டினான் ஒரு சிப்பாய்.
வரிசையில் நின்ற நம்மவர்களும் சிரித்தார்கள்.
அந்த வீதியில் தமிழும் சிங்களமும்
ஒன்றாகச் சிரித்ததை
நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

அதற்குப் பிறகு நடை பிடிபட்டது.
செருப்பைத் தேய்த்து, தோளைக் கனக்கவைத்து,
பெண் வீட்டார் பார்க்க வந்த அன்று
படலையிலிருந்து விறாந்தைவரை
ஒரு பிழையில்லாமல் நடந்து காட்டினேன்.

ஒரே ஒரு காலை தவிர.
மார்கழி இருபத்தாறு.
வற்றிப்போன கடல் எழுந்து வந்தபோது
கைகள் பறக்க, இடுப்பு ஒடிய,
கீச்சுக் குரலில் ஐயோ அம்மா என்று
கோணேசர் கோயில் ஏற்றத்தில் ஓடினேன்.
யாரும் பார்க்கவில்லை.
எல்லோரும் ஓடினார்கள்.
சொல்ல வாய் கூசுகிறது:
அத்தனை பேர் செத்த நாளில்
என் உடம்பு மட்டும்
வீட்டுக்கு வந்து சேர்ந்ததுபோல் இருந்தது.

இப்போது பின்னேரம் ஐந்தரைக்கு
அதே மணல்.
மூன்று பெடியன்கள்
செருப்பில் போனைச் சாய்த்துவைத்து ஆடுகிறார்கள்.
ஒருவனுக்குக் கண்ணில் மை, ஒற்றைக் காதில் தோடு.
மணிக்கட்டு அதன்பாட்டில் திறந்து மூடுகிறது.
நான் கல்லுக்காகக் காத்திருக்கிறேன்.
பழைய பழக்கம், தோள் தானாகவே குறுகுகிறது.
கல் வரவில்லை.
கச்சான் விற்கும் மங்களேஸ்வரி
இடுப்பு காணாது தம்பி, இன்னும் வளையோணும் என்கிறாள்.
கலிகாலம் என்று துப்பிய ஒருவர்
நின்று முழுவதையும் பார்க்கிறார்.
பக்கத்து வாங்கிலிருந்து ஒரு குரல்: ஒன்பது!
மை இட்டவன் திரும்பிக்கூட நிற்கவில்லை,
ஆடியபடியே சொல்கிறான்:
பத்துக்குப் பத்து அண்ணை, மார்க்ஸைச் சரியாப் போடுங்கோ.
வாங்கு சிரிக்கிறது.
இந்த முறை அவன் பக்கம்.

எனக்குச் சந்தோசம் வந்திருக்கவேண்டும்.
வந்தது பொறாமை,
பழங்கள்ளுப் புளிப்போடு.
உங்களுக்கு மட்டும் ஏனடா ஒருவரும் கோடு இழுக்கவில்லை?

இருட்டுகிறது. திரும்பிப் பார்த்தால்
ஈரமணலில் என் கால்தடங்கள்,
அப்பா செத்துப் பன்னிரண்டு வருசம்,
துடுப்பால் இழுத்ததுபோல இரண்டு கோடு.

டொக்டர் சொன்னதில்
இன்னும் பத்து நிமிசம் கிடக்கிறது.
கையைக் கொஞ்சம் விட்டுப்பார்க்கிறேன்.
அது எங்கே போவதென்று தெரியாமல்
விரல்களோடு அந்தரத்தில் நிற்கிறது.

போனை எடுத்துக்கொண்டு கடந்துபோன மைக்காரன்
நின்று கேட்கிறான்:
அங்கிள், கை சுளுக்கிட்டுதோ?

ஓம் தம்பி என்றேன்.
கனகாலம்.