காற்றை நிப்பாட்டியவன்

கிளாரினெட் விழா, மூன்றாம் நாள்.
பம்பலப்பிட்டி மண்டபத்தில்
ஏசி சுவிட்சுக்குப் பொறுப்பு நான்.

முதலில் யோகச்சந்திரனின் கல்யாணி.
முன்வரிசைத் தலைகள் ஆடின,
குளிருக்கோ ராகத்துக்கோ தெரியாது.

அடுத்தது டெல்றீன் ஜொங்க்ளாஸ்.
ஒத்திகையிலேயே சொல்லிவிட்டாள்:
"அண்ணே, என்ட பீஸ் மூச்சிலதான் தொடங்குது.
சுரம் பிறகுதான் வரும்.
உங்கட காத்தைக் கொஞ்சம் நிப்பாட்டுங்க."

நிப்பாட்டினேன்.
பதினொரு வருஷம் அந்த இரைச்சலுக்குள் இருந்தவன்;
அது போனதும்
யாரோ என் காதைக் கழுவிவிட்டதுபோல.

மூடிகள் துளைகளைத் தொடும் டொக் டொக்.
எச்சில் ஊறிய நாணல் சில்லு.
மூச்சு, வெறும் மூச்சு.
"பழுதாகிட்டோ?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.
நிகழ்ச்சித்தாள்கள் விசிறியாகின.
சட்டைகள் முதுகில் ஒட்டின.

ஓரிடத்தில் வாயை எடுத்தாள்.
தாளில் அங்கே ஒன்பது வினாடி வெறுமையாம்.
அதற்குள்
கடலோரமாய்ப் பாணந்துறை ரயில்
நீளமாய் ஊதிக்கொண்டு நுழைந்தது.

அவள் நிமிரவில்லை.
அந்த ஊதல் விட்ட சுருதியிலேயே
மெல்ல, இருக்கிறதோ இல்லையோ என்று
முதல் சுரத்தை வைத்தாள்.

கைதட்டல் ஓயும்போது
மேலாளர் கதவோரம் நின்று
கையை விசிறிபோல் ஆட்டினார்.
கண்டேன்.
காணாததுபோல் நின்றேன்.
இன்னும் கொஞ்சம் வியர்க்கட்டும்.